விளம்பர வேலையில் 11 வருடம்: இன்னும் எத்தனை தூண் போடுவது?

வறண்ட மார்க்கர் | திங்கள், இரவு 11.10

காரைக்குடியில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் இருக்கிறேன். நான்கு பேர், ஒரு ஏசி, ஒன்றரைக் கம்ப்யூட்டர் (ஒன்று அடிக்கடி படுத்துவிடும்). சென்னையில் ஆறு வருடம் காப்பி (விளம்பர வாசகம்) எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். மொத்தம் 11 வருடம் ஆகிறது.

இன்று ஒரு பலகாரக் கடைக்காரர் வந்தார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். புது பேக்கிங், இரண்டு பிளெக்ஸ், இன்ஸ்டாவுக்குப் பத்து போஸ்ட் வேண்டும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் என் கை தானாகத் தூணை இழுத்துப் போட்டுவிட்டது. பின்னால் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண், கீழே ஆத்தங்குடித் தரை, முன்னால் கண்டாங்கி கட்டிய ஆச்சி, மேலே ‘பாரம்பரியச் சுவை’. பார்த்துவிட்டு ‘அருமை தம்பி’ என்றார். எனக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. போன மாதம் ஒரு மசாலாப் பொடிக்கும் இதே தூண். அதற்கு முன்னால் ஒரு லாட்ஜ், அதற்கும் முன்னால் ஒரு பல் டாக்டர். பல்லுக்கு எதற்குத் தூண் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவதைக்கூட நோட்டில் எழுதி வைப்பேன். இப்போது பஸ் ஏறினால் போனைத்தான் பார்க்கிறேன். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை.

இதே தொழிலில் இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ‘நிறையப் படி, பயணம் போ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது எனக்கே தெரியும்.

---

மவுண்ட்ரோடு மாடி | திங்கள், இரவு 11.42

தம்பி, முதலில் ஒன்றைக் கேட்கிறேன். மாதத்துக்கு எத்தனை வேலை முடிக்கிறீர்கள்? எங்கள் ஆபீசில் ஒரு காப்பி ரைட்டர் தலையில் நாலு கிளையண்ட். ஆளுக்கு 20 போஸ்ட், அதுபோக ரீல்ஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு ‘லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா’ என்று வாட்ஸ்அப் வரும். இதில் ஆர்வம் எங்கே இருந்து வரும்? தேடல், ரசனை என்பதெல்லாம் நேரம் இருக்கிறவனுக்கு. உங்களுக்குப் படைப்பாற்றல் வறண்டுபோகவில்லை. தூக்கம் வறண்டுபோயிருக்கிறது.

டேவிட் ஓகில்வி என்ற பெரிய விளம்பரக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு விளம்பரம் எழுதியதை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1958இல் வந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காரில் பெரிதாகக் கேட்கும் சத்தம் மின்சாரக் கடிகாரத்தினுடையதுதான் என்று தலைப்பு. அந்த வரி அவர் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு கார்ப் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியது. அதைக் கண்டுபிடிப்பதற்கு அவர் மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம்! எனக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள், நானும் நல்ல தலைப்பு எழுதுகிறேன்.

---

கண்ணாடிக்கல் | செவ்வாய், காலை 6.25

மவுண்ட்ரோடு அண்ணன் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நான் விளம்பரத் தொழிலில் இல்லை. எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் போடுகிற வேலை. வருகிற டிசைனர்கள், கேமராக்காரர்கள் எல்லாரும் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நின்று தரையைப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். பட்டறைக்கு வருகிறவர் பத்தில் ஒருவர். அப்படி வந்த ஒரு பெண் பிள்ளை கேட்ட கேள்வியை மறக்கவே முடியாது: ‘அண்ணே, இந்தப் பளபளப்பு எதனால்? பாலிஷ் மெஷின் எங்கே?’

மெஷின் கிடையாது. சூளையும் கிடையாது. அச்சைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, கலர் சிமெண்ட் கரைசலைக் கட்டம் கட்டமாகக் கையால் ஊற்றுவோம். அச்சை எடுத்தால் பூ நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் கலவை வைத்து அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவோம். அப்புறம் கண்ணாடியிலிருந்து கல் தனியே வரும். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் மேல்பக்கம். நீங்கள் தரையில் பார்க்கிற மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. நாங்கள் கல்லைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. ஒளித்து வைத்ததல்ல, எங்களுக்கு இது தினசரி வேலை, இதில் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளை அதைக் கேட்டதும் சின்னக் குழந்தை மாதிரி சிரித்தது. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. மூன்று வாரம் ஆகவில்லை.

---

வறண்ட மார்க்கர் | செவ்வாய், காலை 9.05

கண்ணாடிக்கல் அண்ணே, நான் பிறந்தது இங்கேதான். கல் தலைகீழாக வருகிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருக்கிறது. அந்தத் தரையை குறைந்தது நாற்பது விளம்பரத்தில் பின்னணியாகப் போட்டிருப்பேன்.

---

கோட்டையூர் ரோடு | செவ்வாய், காலை 10.30

ஊருக்குள்ளேயே இருக்கிறவனுக்கு ஊர் தெரியாது. அதுதான் இங்கே உண்மையான சிக்கல். சென்னைக்காரன் வந்தால் தூணைப் பார்த்து வாயைப் பிளப்பான். நாமும் அவன் கண்ணால் பார்த்து, அவனுக்குப் பிடித்ததையே அவனுக்குத் திருப்பி விற்கிறோம்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தொழில் என்ன தெரியுமா? சைன்போர்டு எழுதுவது. நம் தொழிலுக்கு மூத்த அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். கோட்டையூரில் அவர் சேர்த்துவைத்தது புத்தகம் மட்டும் இல்லை. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று மற்றவர்கள் மறுநாளே தூக்கிப் போடுகிற காகிதங்களையும் எடுத்து அடுக்கினார். 1992இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி இருந்தது. அதை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே போய் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

யாராவது அவரிடம் ‘இதனால் உங்கள் போர்டு தொழிலுக்கு என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. நான் நினைக்கிறேன், ஆர்வத்துக்கு பிரீஃப் (கிளையண்ட் தருகிற வேலைக் குறிப்பு) கிடையாது. கிளையண்ட் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் தூண்தான் கிடைக்கும். முன்னாலேயே சும்மா பொறுக்கி வைத்திருந்தால்தான் வேறு ஏதாவது கையில் அகப்படும்.

(முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கிற எனாமல் விளம்பரத் தகடுகளில் எவ்வளவு குறைவான வார்த்தைகளில் பொருளை விற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்க வேண்டாம், விலை கேட்டால் மயக்கம் வரும்.)

---

பெயிண்டர் மகள் | செவ்வாய், பிற்பகல் 2.15

சைன்போர்டு என்றதும் கை நிற்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா தேவகோட்டைப் பக்கம் சுவர் விளம்பரம் எழுதியவர். சிமெண்ட், உரம், ஜவுளி, சினிமா எல்லாம். நூலில் சாக்பீஸ் பொடி தடவி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். நூலின் மறுமுனையைப் பிடிக்கிறது நான்தான். தமிழில் எழுதுகிறவனுக்கு இடம்தான் பெரிய எதிரி என்பார். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற பெயர் நமக்குப் பதினொன்று ஆகும், அதில் ‘ழ’வுக்கு வால், ‘ஞ’வுக்குத் தும்பிக்கை. அதனால் நடு எழுத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு போவார்.

எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் ஒரு ரவுண்டு போவார். சலூன் போர்டு, லாரியின் பின்பக்கம், ரேஷன் கடைப் பலகை. ‘இந்த ஊர்க்காரன் “ண” எப்படிப் போடுகிறான் பாரு’ என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்மாவுக்கு மானம் போகும். ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் அந்த எழுத்தை வரைந்துகொண்டு வருவார். அப்படி இரண்டு தகரப் பெட்டி நிறைய எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

பிளெக்ஸ் வந்ததும் ஒரே வருடத்தில் வேலை போய்விட்டது. நான் நினைத்தேன், மனிதர் ஒடிந்துபோவார் என்று. ஒரு மாதம் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் ஒரு நாள் காரைக்குடிக்கு பஸ் ஏறிப் போய் பிளெக்ஸ் அடிக்கிற கடையில் நின்று, மெஷின் எப்படி மை துப்புகிறது என்று சாயங்காலம் வரை பார்த்துவிட்டு வந்தார். திட்டுவதற்காகப் போனாரா, பார்ப்பதற்காகப் போனாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது ‘நாலே கலர்தாம்மா, நாலு கலரை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்கிறான்’ என்றார்.

நான் இப்போது எழுத்துரு வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அந்தப் பெட்டிதான் எனக்கு முதலீடு.

---

மவுண்ட்ரோடு மாடி | செவ்வாய், மாலை 6.50

அக்கா, படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சரி, என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனாலும் விடமாட்டேன். உங்கள் அப்பாவுக்கு இருந்தது தொழில்மேல் காதல். எங்களுக்கு இருப்பது மாதக் கடைசி டார்கெட். ஒரு ஏஜென்சி முதலாளி ‘எல்லாரும் புதுசா யோசியுங்க’ என்று சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டு, ஆள் எடுக்காமல் வேலையை இரண்டு மடங்காக்கினால் அந்தக் குற்றத்தை ஊழியரின் ‘ஆர்வமின்மை’ தலையில் கட்டக் கூடாது. இங்கே பலரும் அதைத்தான் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பியூஷ் பாண்டே விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னால் டீ சுவைத்துத் தரம் பார்க்கிற வேலை செய்தார், ராஜஸ்தானுக்கு ரஞ்சி ஆடினார். 1982இல் ஓகில்வி ஏஜென்சிக்கு வந்தவர் கையில் அந்த வாழ்க்கை முழுவதும் இருந்தது. அவர் குழு செய்த ஃபெவிகால் பஸ் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? பஸ் முழுக்க ஆள் ஒட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போகும், ஒருவரும் விழமாட்டார். வசனமே கிடையாது. அந்த பஸ்ஸை ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. இன்றைக்குச் சேர்கிற பையன் காலேஜிலிருந்து நேராக ஏசி அறைக்கு வருகிறான். அவன் எந்த பஸ்ஸில் போவான்?

---

புதுசா வந்தவன் | செவ்வாய், இரவு 8.20

நான் அந்தப் பையன்தான் அண்ணே. எட்டு மாதம் ஆகிறது. கேப்ஷனுக்கு ஏஐயைக் கேட்டால் பத்து விநாடியில் இருபது கொடுக்கிறது. இருபதிலும் ‘பாரம்பரியம்’ இருக்கிறது. தப்பு அதன்மேல் இல்லை என்று நினைக்கிறேன். இதுவரை நாம் எழுதிப் போட்டதைத்தானே அது படித்திருக்கும்.

---

கல்லாப்பெட்டி | செவ்வாய், இரவு 9.40

எல்லாரும் கிளையண்டைத் திட்டுகிறீர்கள், ஒரு கிளையண்ட் பேசலாமா? எனக்கு மளிகையும் பலகாரமும். இந்த இழையைத் தொடங்கிய தம்பியிடம் போன கடைக்காரர் நானில்லை, ஆனால் நானாகவும் இருக்கலாம்.

மூன்று வருடம் முன்னால் ஓர் ஏஜென்சி எனக்கு ‘வித்தியாசமாக’ விளம்பரம் செய்து கொடுத்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரே ஒரு சீடை, கீழே பொடி எழுத்தில் ஒரு கவிதை. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். கடை எங்கே இருக்கிறது என்று போடவே இல்லை. போன் நம்பர் வேண்டும் என்றதற்கு ‘அழகு கெட்டுவிடும்’ என்றார்கள். தீபாவளிச் சரக்கு பாதி தேங்கிவிட்டது.

நாங்கள் தூண் கேட்பது ரசனை இல்லாததால் இல்லை. பயத்தில் கேட்கிறோம். பஸ்ஸில் போகிறவன் தூணைப் பார்த்தால் ‘செட்டிநாட்டுப் பலகாரம்’ என்று மூன்று விநாடியில் புரிந்துகொள்வான், அது எனக்கு உறுதி. நீங்கள் புதிதாக ஒன்று கொண்டுவந்தால் அந்த உறுதியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, 15 வருடமாகக் கடை நடத்துகிறேன். எந்த விளம்பரக்காரரும் என் அடுப்படிக்குள் வந்ததில்லை. கல்லா வரை வந்து திரும்பிவிடுகிறார்கள்.

---

கோட்டையூர் ரோடு | செவ்வாய், இரவு 10.05

கல்லாப்பெட்டி அண்ணாச்சி கடைசியில் சொன்னது பழைய கதை ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு காப்பி ரைட்டர். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுதவேண்டும். எல்லா பீர் கம்பெனியும் ‘சுத்தமானது’ என்று கத்திக்கொண்டிருந்த காலம். இவர் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். பாட்டிலைத் திரும்பத் திரும்ப மெஷினில் கழுவுகிறார்கள், தண்ணீருக்கு ஆழ்கிணறு, கண்ணாடி அறைக்குள் குளிரவைக்கிறார்கள். ‘இதை ஏன் சொல்லவில்லை’ என்று கேட்டதற்கு ‘எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்’ என்றார்களாம். அதையே எழுதினார். பீர் ஓடியது.

கண்ணாடிக்கல் அண்ணன் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். செய்கிறவன் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. மார்க்கர் தம்பி, அடுப்படிக்குப் போங்கள்.

---

வறண்ட மார்க்கர் | சனி, மாலை 5.30

போனேன். நோட்டு கிடைக்கவில்லை, புதிது வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் கடைக்காரருக்கே நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரியவில்லை. பணம் கேட்க வந்தேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. உள்ளே நாலு பெண்கள். மூத்தவரை எல்லாரும் பெரியாச்சி என்கிறார்கள். ஒரு மணி நேரம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். சூடு தாங்க முடியவில்லை. ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் மனதுக்குள் அங்கேயும் தூண் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கவனித்தேன். பெரியாச்சி தேன்குழல் பிழிந்து போட்டுவிட்டு வாணலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அடுத்த ஈடுக்கு மாவை முறுக்கு உழக்கில் அடைக்கிறார். கடிகாரம் பார்க்கவில்லை, எண்ணெயையும் பார்க்கவில்லை. ஆனால் சரியாகத் திரும்பி எடுத்துவிடுகிறார். மூன்று ஈடு இப்படியே போயிற்று. ‘ஆச்சி, வெந்தது எப்படித் தெரியும்?’ என்று கேட்டேன்.

‘சத்தம் அடங்கிருச்சுல்ல’ என்றார். இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தார்.

மாவில் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேறும்போதுதான் அந்த இரைச்சல். போட்டதும் ‘சோ’வென்று எழும்பும், ஈரம் குறையக் குறையத் தணியும். அடங்கினால் எடுக்கலாம். சத்தம் இருக்கும்போதே எடுத்தால் மறுநாளே நமுத்துப்போகும். அவர் காதால் சமைக்கிறார்.

வீட்டுக்கு வந்து எழுதியது: ‘எண்ணெயில் சத்தம் அடங்கிய பிறகுதான் எடுப்போம். அப்புறம் அந்தச் சத்தம் உங்கள் வாயில்.’ பெரியாச்சி திரும்பி நிற்கிற முதுகும் வாணலியும் படம். முகம் கிடையாது. கல்லாப்பெட்டி அண்ணாச்சி சொன்னபடி போன் நம்பரைப் பெரிதாகப் போட்டேன், கடைக்கு வழியும் போட்டேன்.

கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். ‘நல்லா இருக்கு. தூண் எங்கே?’ என்றார்.

பேரம் பேசினோம். பிளெக்ஸில் தூண் இருக்கும் (மெலிதாக்கிவிட்டேன், பென்சில் மாதிரி). பேக்கிங் என் இஷ்டம். அப்புறம் மைக் செட் கட்டிய ஆட்டோவில் வழக்கமான ‘வாங்க வாங்க’வுக்குப் பதிலாக இருபது விநாடி எண்ணெய்ச் சத்தம் மட்டும் ஓடும், அது அடங்கியதும் ஒரு வரி. போனிலேயே பதிவு செய்தேன். நாளைக்கு நாலு தெருவில் விட்டுப் பார்க்கப் போகிறோம்.

மவுண்ட்ரோடு அண்ணே, நேரக் கணக்கு: இரண்டு நாள், மொத்தம் மூன்றரை மணி நேரம். முதலாளியிடம் ‘பிரிண்டிங் பிரஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனேன். இது சரியான வழி இல்லைதான், நீங்கள் சொன்ன பிரச்சினை அப்படியே இருக்கிறது.

---

மவுண்ட்ரோடு மாடி | சனி, மாலை 6.10

பொய் சொல்லிவிட்டுப் போய் வேலை செய்கிற ஒரே தொழில் நம்முடையதுதான். ரிசல்ட் போடுங்கள்.

---

வறண்ட மார்க்கர் | ஞாயிறு, பிற்பகல் 1.20

முதல் தெருவில் ஆட்டோ நுழைந்து சத்தம் போட்டதும் மூன்று வீட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பலகாரம் வாங்க இல்லை. ஸ்பீக்கரில் எண்ணெய்ச் சத்தம் அப்படியே மழை மாதிரி கேட்டிருக்கிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ள ஓடியிருக்கிறார்கள். ஓர் அப்பத்தா முறத்தோடு நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோவைப் பார்த்துவிட்டு, டிரைவரைப் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார். கடைசியில் கால் கிலோ தேன்குழல் வாங்கினார், அதையும் பாதி விலைக்குத்தான்.

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த தெருவுக்கும் விடச் சொல்கிறார்.

---

பெயிண்டர் மகள் | ஞாயிறு, பிற்பகல் 1.45

அந்த அப்பத்தா திட்டியதை நோட்டில் எழுதினீர்களா?

---

வறண்ட மார்க்கர் | ஞாயிறு, பிற்பகல் 1.52

இரண்டு பக்கம்.